ஒரு சாண் லோரி

அறுபதுகளின் நடுவில் நான் பிரிட்டிஷ் ராணுவத்தின் வண்டிப் பட்டறை ஒன்றில் பெயிண்டராக இருந்தேன். பெயிண்டர் என்றதும் சுவருக்கு வெள்ளையடிப்பவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பிரே துப்பாக்கி பிடித்து மூன்று டன் லோரிக்குப் பச்சை அடிப்பவன். அந்தக் காலத்து ராணுவ வண்டிகள் மங்கலாக இருக்காது. கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படிப் பளபளக்கும். பட்டறை புக்கிட் மேரா பக்கம் இருந்தது. தேக்காவில் இருந்த என் அறையிலிருந்து காலையில் பஸ் பிடித்துப் போவேன், சாயங்காலம் காது மடலில் பச்சையோடு திரும்புவேன். என்னைவிட நன்றாக அடிக்கிறவன் இந்தத் தீவில் இல்லை என்பது என் எண்ணம். யாரும் மறுத்ததில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

எங்கள் பட்டறையில் லோரி ஓட்டியவர்களில் ஒருவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஜப்பான்காரன் சண்டை முடிந்த கையோடு, அமெரிக்காவில் செய்த பத்து டயர் லோரி ஒன்றில் ஓட்டக் கற்றுக்கொண்டவர். இடது பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டி. அதைப் பிடித்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே போனதை அவர் சொன்னால், யானைமேல் போய் வந்தவர் சொல்வது போல இருக்கும். மற்ற டிரைவர்கள் வண்டி நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவர் சாக்கை விரித்து அடியில் போய்விடுவார். சில நாள் மெக்கானிக்குகளே அவர் கால்மாட்டில் குந்தியிருந்து, வண்டிக்கு அடியிலிருந்து வரும் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவருக்குக் கண்ணுக்குள் நீரழுத்தம் வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். ஒரு காலையில் இடது பக்கம் வந்த சைக்கிள்காரரை அவர் பார்க்கவேயில்லை. இடிக்கவில்லை, மயிரிழையில் தப்பியது. அந்த ஆள் திட்டிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் லோரியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் பிடித்தபடி பட்டறைக்கு நடந்தே வந்து மேசைமேல் வைத்தார். வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடத்துக்குள் வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரிவதுகூட நின்றுபோனது.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் அவர் குடியிருந்தார். கீழே மிளகாய் அரைக்கும் மில், மேலே ஓர் அறை, பின்னால் குளிக்கிற இடம். ஏழு மாதமாக அவர் படி இறங்கவில்லை. பார்வையில்லாதவர்களுக்கு டெலிபோன் ஆப்பரேட்டர் வேலை கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்றிலிருந்து ஓர் அம்மாள் இரண்டு முறை வந்து பேசினார். தீபாவளி கழிந்து புது வகுப்பு, ஓர் இடம் இருக்கிறது, அதுவரை காத்திருப்போம் என்று சொல்லிப் போனார். அண்ணன் மாட்டேன் என்றார். காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார்.

"தெரு என்னைப் பாக்கும், நான் தெருவைப் பாக்க மாட்டேன். இது என்னடா நியாயம்?"

அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். தேக்காவில் ஒரு தையல் கடையில் சட்டைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கடை வாசலில் என்னை நிறுத்தி, நூல் கோத்த ஊசியை ரவிக்கைத் தோளில் குத்திக்கொண்டு, வேலைக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை என்றார். "ஒரு தடவை கீழ இறங்கிட்டார்னா போதும், தம்பி. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." நான் சரியென்று தலையாட்டினேன். எப்படி என்பது எனக்குத் தெரியாது. தலையாட்ட என்ன தெரிய வேண்டியிருக்கிறது?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பட்டறையிலிருந்த வெள்ளைக்கார சார்ஜன் ஊருக்குக் கிளம்பினார். மேசையைக் காலி செய்யும்போது ஓர் அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்து, நீ பெயிண்டர், உனக்கு ஆகும் என்றார். மூடியில் ஒரு பச்சை லோரி சேற்றைக் கிழித்துக்கொண்டு போகும் படம். உள்ளே இருக்கும் சாமான்களை ஒட்டிச் சேர்த்தால் அதே லோரி ஒரு சாண் நீளப் பொம்மையாக வரும். அறைக்குக் கொண்டுவந்து பாயில் கொட்டினேன். பிளாஸ்டிக் சட்டங்கள், அவற்றின் கம்பிகளில் கொத்துக் கொத்தாகச் சாமான்கள். ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப், கிளிப்பில் ஒரு போல்ட், போல்ட்டின் தலைக்கு ஆறு பக்கம். எண்ணிப் பார்த்தேன், சத்தியமாக ஆறு. சுண்டுவிரல் நீளச் சாமானில் அவ்வளவும் இருந்தது. நான் தினமும் பெயிண்ட் அடித்து மூடிவிடும் போல்ட் தலைகளை எவனோ ஒருவன் உட்கார்ந்து இப்படிப் பார்த்திருக்கிறான். பத்து வருடம் லோரிகளோடு கிடந்த நான் பார்த்ததில்லை.

பார்ப்பது ஒன்று, கட்டுவது வேறு. உள்ளே இருந்த தாள் இங்கிலீஷில் இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பெயிண்ட் டின்னில் எழுதியிருக்கும் அளவுக்குத்தான். படங்களைப் பார்த்து ஒட்டலாம் என்று இறங்கி, ஒரு ஞாயிறு முழுவதும் போராடி, பெட்ரோல் டாங்கியைப் படிக்கட்டு என்று நினைத்து ஒட்டப் போய், கடைசியில் எல்லாவற்றையும் பெட்டியில் வாரிப் போட்டேன். அடுத்த ஞாயிறு அண்ணனைப் பார்க்கப் போனபோது, பேச்சுக்கு ஒரு விஷயமாக இருக்கட்டும் என்று பெட்டியையும் கொண்டு போனேன். பார்வையில்லாதவரிடம் இதைக் காட்டுவதா என்று பாதிப் படியில் தோன்றியது. திரும்பி இறங்க வெட்கமாக இருந்ததால் ஏறிவிட்டேன்.

அவர் கதையைக் கேட்டுச் சிரித்தார். படிக்கட்டு என்று நினைத்ததைக் கையில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதன்மேல் ஒரு முறை போய் வந்தன. டாங்கி என்றார். மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் சொன்னார். அடுத்ததைக் கேட்டார். பின் ஆக்ஸில். அடுத்தது ரேடியேட்டர் முன்னாலிருக்கும் கம்பித் தடுப்பு. அடுத்ததைத் தொட்டதும் அவர் முகம் மாறியது. அது டாஷ்போர்டு. ஸ்டியரிங் கம்பி நுழையும் துளை இடது பக்கம் இருந்தது.

"டேய், இது என் வண்டிடா," என்றார்.

பத்து டயர், இடது பக்க ஸ்டியரிங். மூடியில் இருந்த படத்தை நான் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு ஒரு துளை போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து நான்கு ஞாயிறு நாங்கள் அந்த லோரியைக் கட்டினோம். கட்டினார் என்று சொல்வதுதான் சரி. நான் சவர பிளேடால் சாமான்களைச் சட்டத்திலிருந்து வெட்டிக் கொடுத்தேன், பசைக் குழாயைப் பிதுக்கிக் கொடுத்தேன். நர்சு மாதிரி. அந்தத் தாளை அவர் கேட்கவேயில்லை. பலகையில் சாமான்களை இடமிருந்து வலமாக வரிசையாக வைத்துக்கொள்வார். ஒன்றை நான் நகர்த்திவிட்டால் கோபம் வரும். சில சாமானைக் கீழுதட்டில் வைத்துப் பார்ப்பார். விரல் நுனி காய்த்துப்போயிருக்கிறது, உதடு பொய் சொல்லாது என்பார். பட்டறையில் வண்டிக்கு அடியில் கிடந்து பேசும் அந்தக் குரல் திரும்ப வந்தது. இந்த இடத்தில் சேறு அடைக்கும், இந்த நட்டு எப்போதும் கழன்று விழும், இதைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். ஏழு மாதம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். அண்ணி கோப்பித் தட்டோடு வந்து நின்றார், கோப்பி ஆறும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

மூன்றாவது ஞாயிறு ஒன்று நடந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. லோரியின் அடிப்பகுதி முடியும் நேரம். கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்ஸில்களுக்குப் போகும் கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு ஆக்ஸில், இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி. கடைசி ஆக்ஸிலுக்குப் போகும் கம்பியை வைத்துப் பார்த்துவிட்டு, நிறுத்தினார். ஒரு சாமான் குறைகிறது என்றார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன், பெட்டி காலி என்றேன்.

"நடு ஆக்ஸில் தலைமேல ஒரு குட்டி பேரிங் உக்காந்திருக்கும். அதுக்குள்ளதான் இந்தக் கம்பி போகணும். தேடு."

நான் பார்த்துப் பார்த்துத்தான் வெட்டினேன், அப்படி ஒன்றும் இல்லை என்றேன். எனக்குக் கொஞ்சம் எரிச்சல். இவ்வளவு சின்ன லோரியில் அதையெல்லாம் யார் செய்வான் என்று கேட்டேன். போல்ட் தலைக்கு ஆறு பக்கம் செய்தவன் பேரிங்கை விடமாட்டான் என்றார். வெட்டிப்போட்ட கழிவுக் கம்பிகளை ஒரு காகிதத்தில் குவித்து வைத்திருந்தேன், வீசுவதற்கு. அதைக் கிளறினேன். ஒரு கம்பியின் நுனியில், பிசிறு என்று நான் நினைத்த ஒரு பொட்டு. நகத்தால் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நடுவில் துளையோடு ஒரு பேரிங். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு.

சன்னல் வெளிச்சத்தில், இரண்டு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு நான் குப்பையில் போட்டதை, அந்த மனிதர் இருட்டிலிருந்து கேட்டு வாங்கினார். அவர் தலைக்குள் ஒரு லோரி முழுசாக நின்றுகொண்டிருந்தது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். அதில் ஒரு நட்டுகூடக் குறையவில்லை. காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அவர் திட்டுவார் என்று சும்மா இருந்தேன்.

அதை அவர்தான் ஒட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார். காய்ந்த பிறகு நகத்தால் தடவி, உதட்டைப் பிதுக்கினார். "கொஞ்சம் கோணலா உக்காந்துருச்சு. விடு, பரவால்ல." பிறகு பசைக் குழாயை முகர்ந்து, இது ஒட்டுகிற பசை இல்லை, இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குகிற பசை, மோந்தாலே தெரிகிறது என்றார். நான் ம் என்றேன். அந்த வார்த்தையை நான் காதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நான்காவது ஞாயிறு லோரி முடிந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து டயரும் தரையைத் தொட்டன. அண்ணி அதைப் பார்த்தபடி, தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது, அந்த அம்மாளுக்கு என்ன பதில் சொல்வது என்று மெதுவாகக் கேட்டார். சண்டை வெடிக்கும் என்று நினைத்தேன். வெடிக்கவில்லை. அண்ணன் லோரியைத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"என் வேலை முடிஞ்சுது. பெயிண்டு உன் வேலை. நல்லா அடிச்சுக் கொண்டுவா. லோரி வரட்டும், அப்புறம் பேசுவோம்."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஒரு சாண் பிளாஸ்டிக்கில் அவர்கள் இரண்டு பேரின் மிச்ச காலமும் என் கைக்கு வந்துவிட்டது போல லோரியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படி இறங்கினேன்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பட்டறையில் யாரும் இல்லாதபோது, லோரியை என் வேலை மேசைமேல் வைத்தேன். பட்டறையில் அடிக்கிற அதே பச்சையைக் கலக்கிச் சின்னத் துப்பாக்கியில் ஊற்றினேன். இந்த வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித்தருவது ஒன்று உண்டு: துடைக்காத இரும்பில் பெயிண்ட் நிற்காது. கைபட்ட எண்ணெய்ப் பசை இருந்தால் உரிந்துவிடும். அதனால் பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் வண்டியை ஒரு முறை அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் துப்பாக்கியை எடுப்போம். ஆயிரம் வண்டி துடைத்த கை அது. நான் யோசிக்கவேயில்லை. நான்கு ஞாயிறு அவர் விரல் பட்ட லோரி அல்லவா, நன்றாகவே துடைத்தேன்.

துணி ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தேன். பானெட் கூடவே நூல் நூலாக வந்தது. ஓரம் மழுங்கி, போல்ட் தலைகள் வழிந்து, கதவும் மட்கார்டும் ஒன்றோடொன்று கலந்து, வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி ஆகிவிட்டது. ஊதினேன், விசிறினேன், தண்ணீரில் முக்கினேன். எதுவும் நடக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள், இது குரங்குகூட இல்லை. இந்தத் தீவிலேயே சிறந்த பெயிண்டர், பெயிண்ட் அடிக்கத் தொடங்கும் முன்பே லோரியை அழித்துவிட்டான். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் தின்னர் கண்ணில் பட்டுவிட்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் எனக்குத் தோன்றியதெல்லாம், இதைச் சொன்னால் அவர் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார் என்பதுதான். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியவா போகிறது என்று இன்னொன்றும் தோன்றியது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அவருக்குப் பார்வையில்லை என்பது எனக்கு வசதியாகத் தெரிந்தது.

நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு சீனர் கடையில் அதே பெட்டி இருந்தது. கடைக்காரர் சின்னச் சின்னப் புட்டிகளில் பெயிண்டும் எடுத்து வைத்து, இந்தப் பிளாஸ்டிக்கில் தின்னர் படக்கூடாது என்று மலாயில் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நான் வேலை முடிந்து வந்து, சாயங்கால வெளிச்சம் இருக்கும்வரை அறையில் உட்கார்ந்து கட்டினேன். இந்த முறை எது எங்கே போகும் என்று தெரியும், அவர் சொல்லச் சொல்லக் கேட்டவன்தானே. இடையில் இரண்டு ஞாயிறு அவர் வீட்டுக்குப் போய், பெயிண்ட் இன்னும் காயவில்லை, மழை ஈரம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பச்சை அடித்தேன், டயருக்குக் கறுப்பு, பின்னால் கூடாரத்துக்குக் காக்கி. நானே சொல்லக்கூடாது, அற்புதமாக வந்திருந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு இருபது நாள் தாங்கியது.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து, லோரியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி கடையிலிருந்து வந்துவிட்டிருந்தார். அண்ணன் இரண்டு கையையும் நீட்டினார், நான் வைத்தேன். முதலில் முகர்ந்தார்.

"நம்ம பெயிண்டு வாசம் இல்லையே."

வேறு பெயிண்ட், சின்ன வண்டிக்கென்றே வருகிறது என்றேன். தலையை ஆட்டினார். பானெட், கதவு, படிக்கட்டு, கூடாரம். விரல்கள் மெதுவாகப் போயின. வழவழவென்று இருக்கிறது, நன்றாக அடித்திருக்கிறாய் என்றார். அண்ணி சிரித்தார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் லோரியைக் கவிழ்த்து மடியில் வைத்தார். சுட்டுவிரல் நகம் கியர் பெட்டியிலிருந்து கிளம்பி, கம்பி வழியாகப் பின்னால் போய், நடு ஆக்ஸிலின் தலைமேல் நின்றது. அங்கேயே நின்றது. திரும்பிப் போய் மறுபடியும் வந்தது.

"என் கோணல் எங்கடா?"

என்னுடைய பேரிங் நேராக உட்கார்ந்திருந்தது. நான் பெருமையாக நேராக ஒட்டியிருந்தேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லோரியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். "கண்ணு போனதுலேர்ந்து எல்லாரும் எனக்கு நல்லதுக்குன்னு பொய் சொல்றாங்க. சாம்பார் நேத்து வச்சதுன்னா இன்னிக்கு வச்சதுங்கறாங்க. ஆள் வந்து எட்டிப் பாத்துட்டுப் போனா, யாரும் வரலங்கறாங்க. நீ ஒருத்தன்தான் பழையபடி பேசிட்டு இருந்த."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தின்னர், துணி, அழுதது, கடை, மழை ஈரம் என்று சொன்ன பொய். சொல்லி முடித்தபோது அவர் கேட்டது ஒன்றுதான், அந்த லோரி எங்கே. வீசவில்லை, பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன் என்றேன். கொண்டுவா என்றார். என் அறைக்கு ஓடினேன், ஓடி வந்தேன்.

அவர் அதை வாங்கித் தடவினார். உருகிய பானெட்டில் கை போனதும் நின்றது. உருவமே இல்லாத இடத்தில் அவர் விரல் ஹெட்லைட்டைத் தேடியதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. பிறகு கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் துணி படவில்லை. ஸ்பிரிங், கம்பிகள், டாங்கி, எல்லாம் அப்படியே இருந்தன. நகம் நடு ஆக்ஸிலுக்கு வந்தது. அவர் வாயோரம் லேசாக இழுத்துக்கொண்டது.

"அடி நல்லா இருக்கு. தலையை மட்டும் மாத்தணும்," என்றார். "எந்தக் கடை?"

சொன்னேன். இப்போதே போய் இன்னொரு பெட்டி வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன்.

"நீ வாங்க வேணாம். உன் கண்ணை நம்பி இனிமே ஒரு சாமான் வாங்க மாட்டேன். நானே வர்றேன், கூட்டிட்டுப் போ."

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி எழுந்து சுவரில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார், பொத்தான் போட்டுவிடப் போனார். அண்ணன் அந்தக் கையைத் தள்ளிவிட்டுத் தானே போட்டுக்கொண்டார். நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூடப் பயந்தோம். என் யோசனையும் சாமர்த்தியமும் இத்தனை மாதம் செய்ய முடியாததை என்மேல் அவருக்கு வந்த கோபம் செய்தது. தீபாவளி கழிந்து அவர் அந்த வகுப்புக்குப் போனார், பல வருடம் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தார். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எங்களுக்கு முன்னால் இருந்தது படிக்கட்டுதான்.

மேல்படியில் நின்று, என் தோளில் கை வைத்து, எத்தனை படி என்று கேட்டார். எத்தனை வருடமாக ஏறுகிறேன். பதினெட்டு என்றேன், தயங்காமல். அவர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கினார். பதினெட்டு என்று சொல்லித் தரை வந்துவிட்டது என்று காலை வீசி வைத்தார். தரை வரவில்லை. இன்னொரு படி இருந்தது. அவர் சாய்ந்து என்மேல் விழ, நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் நகம் என் தோளில் இறங்கியது. மேலே அண்ணி ஐயோ என்றது கேட்டது. முடிந்தது, திரும்பி ஏறப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் மூச்சை இழுத்து விட்டார். காலால் துழாவி அந்தக் கடைசிப் படியைக் கண்டுபிடித்து, அதில் நின்றார். "பத்தொம்பது," என்றார். பிறகு தரையில் இறங்கினார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுடா. எனக்கு அது போதும்."

கடைகளை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் ஆட்கள் வழிவிட்டார்கள். தெருவில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் அவரைப் பார்த்தார்கள், பார்க்கிறார்கள் என்று நான் சொன்னேன், பார்க்கட்டும் என்றார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, சட்டை முதுகில் நனைந்திருந்தது. சந்து முடிந்து சிராங்கூன் ரோட்டின் ஓரத்துக்கு வந்தோம். இப்போது கடக்கலாமா என்று கேட்டார். இரண்டு பக்கமும் பார்த்தேன். தூரத்தில் ஒரு லோரி வந்துகொண்டிருந்தது. அது வேகமாக வருகிறதா, சந்துக்குள் திரும்பப் போகிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. போகலாம் என்ற வார்த்தை வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியல, அண்ணே," என்றேன்.

என் தோளைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது. அப்படியானால் நிற்போம் என்றார். நின்றோம். லோரி எங்களைத் தாண்டிப் போனது. பிறகு கடந்தோம்.